தனிக்கட்டைக்குக் கிடைத்த சொந்தம்

ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது கம்பளிச் சட்டையோடு பேருந்தில் ஏறுகிற ஒரு பெண்ணை நீங்கள் பார்த்திருந்தால், அது குளிரக்காவாகத்தான் இருக்கும். "கழட்டிக் கையில வச்சுக்கக் கூடாதாம்மா, பாக்குற எனக்கே வேர்க்குது" என்று சொல்லாத நடத்துநர் இல்லை. கையில் வைத்தால் மறந்துவிடும், மறந்துவிட்டால் அன்றைக்கு முழுவதும் பல் தந்தியடிக்கும், அதற்கு இந்த வேர்வையே தேவலை என்பது அவள் கட்சி. வேலை பார்க்கிற இடம் அப்படி. ஆராய்ச்சி நிலையத்தின் கீழ்த்தளத்தில், கனத்த கதவுக்குப் பின்னால் இருக்கும் குளிர் அறைதான் இருபது வருஷத்துக்கும் மேலாக அவளுடைய அலுவலகம். இடது காது, அறையைக் குளிரூட்டும் கம்ப்ரசரின் உறுமலில் பாதி போய்விட்டது. முழங்கால்கள் மழை வருமா வராதா என்று ரேடியோவுக்கு முன்னால் சொல்லிவிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் அவள் குளிரக்கா.

அந்த அறைக்குள் அவள் வளர்ப்பது பாசி. குளத்துப் படிக்கட்டில் நம்மை வழுக்கி விழவைக்கிற பச்சைப் பாசியின் சொந்தக்காரர்கள்தான், ஆனால் இவர்கள் பனிமலையில் குடியிருப்பவர்கள். குவிந்து கிடக்கும் பனி லேசாக இளகும்போது அந்த ஈரத்தில் நீந்தி வாழ்ந்துவிட்டுப் போகிறவர்கள். மலையில் வெயில் ஏறினால் இவர்களில் பலர் சிவந்துவிடுவார்கள். வெயிலுக்குக் குடை பிடிப்பது போலத்தான் அந்தச் சிவப்பு. அப்புறம் தடித்த ஓடு கட்டிக்கொண்டு, அடுத்த பருவம் வரும்வரை பனியோடு பனியாக உறைந்து உறங்குவார்கள். இப்படிப் பல மலைகளிலிருந்து வந்த முந்நூறு குழாய்கள் அவள் பொறுப்பில் இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு விரற்கடைத் தண்ணீர், அடியில் பச்சையாகவோ சிவப்பாகவோ ஒரு படிவு. அறை சூடாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முறை வைத்துப் புது ஊட்டநீருக்கு மாற்ற வேண்டும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். கைக்குழந்தை வளர்ப்பதும் கேட்பதற்கு எளிதுதான்.

"பாசியை ஒழிக்கத்தான் ஊரெல்லாம் பவுடர் வாங்கிக் கொட்டுது. உங்களுக்கு அதை வளர்க்கச் சம்பளமா? கொடுத்து வச்சவங்க அண்ணி நீங்க" என்பாள் நாத்தனார், அதாவது குளிரக்கா வீட்டுக்காரரின் தங்கை. மீன் சந்தையில் கடை வைத்திருப்பவள். வாய் ஊரைக் கூட்டும், மனசு வெள்ளை. வேடிக்கை என்னவென்றால், அண்ணியையும் நாத்தனாரையும் சேர்த்துப் பார்க்கிற யாரும் கூடப்பிறந்தவர்கள் என்றே நினைப்பார்கள். அதே அகல நெற்றி, அதே கோணல் சிரிப்பு, அதே நடை. கூடப்பிறந்த தங்கையோ குளிரக்காவின் பக்கத்தில் நின்றால் அடுத்த வீட்டுக்காரி மாதிரி இருப்பாள்.

குளிர் அறையைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பாடம் சொல்ல அவளுக்கு இதுதான் உதாரணம். அறைக் கதவில் ஒரு படம் ஒட்டியிருக்கும். நிலையத்தின் பேராசிரியர் மேடம் இந்தப் பாசிகளின் மரபணுவைப் படித்துப் போட்ட வம்சப் படம். யார் யார் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், யார் எந்தத் தலைமுறையில் பிரிந்து போனார்கள் என்று கிளை கிளையாகக் கோடு. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: சிவப்பெல்லாம் ஒரு குடும்பமா?

"அதான் இல்ல" என்பாள் குளிரக்கா. "நானும் என் நாத்தனாரும் மாதிரிதான் இதுங்க. முகம் ஒண்ணு, பிறப்பு வேற. குளிர்ல பிழைக்கிறதை ஒவ்வொரு கிளையும் தனித்தனியாத்தான் கத்துக்கிச்சு. சிவப்பும் அப்படித்தான். வெயில்ல குடை பிடிக்கிறவங்க எல்லாம் ஒரே வீட்டுக்காரங்களா என்ன?" வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளுக்கும் பெருமையாக இருக்கும். இதை இங்கே சொல்லி வைக்கக் காரணம் இருக்கிறது.

இவற்றில் ஒரு வகைக்கு அவள் வைத்த பெயர் தனிக்கட்டை. உறைந்த மலை ஏரி ஒன்றின்மேல் கிடந்த சொதசொதப்பான பனியிலிருந்து பேராசிரியர் வாரிக்கொண்டு வந்தது. வம்சப் படத்தில் எந்தக் கிளையிலும் ஒட்டாமல், கல்யாண வீட்டில் யாருக்கும் தெரியாத விருந்தாளி மாதிரி ஓரமாக நின்றது. மற்ற ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பிய குழாய்கள் எல்லாம் வழியிலேயே செத்துப்போயின. இங்கேயும் போகத்தான் பார்த்தது. குளிரக்கா ஊட்டநீரை மாற்றி மாற்றி, வெளிச்சத்தைக் குறைத்துக் கூட்டி, இரண்டு வருஷம் மல்லுக்கட்டித்தான் அதைப் பிழைக்கவைத்தாள். அந்த ஏரி பிறகு உறையவே இல்லை. பேராசிரியர் மறுபடி இரண்டு தடவை மலையேறிப் போய் வெறுங்கையோடு திரும்பினார். ஆக, உலகத்தில் உயிரோடு இருந்த தனிக்கட்டை எல்லாம் அவளுடைய மூன்று குழாய்களில் இருந்ததுதான்.

அந்தத் தனிக்கட்டைக்கு இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் சொந்தம் கிடைத்தது. பேராசிரியர் புதுப் படத்தோடு மாடியிலிருந்து ஓடி வந்தார். "அக்கா, நம்ம தனிக்கட்டைக்கு ஆள் கிடைச்சாச்சு! பனிக்காரங்க இல்ல, ஏரிக்காரங்க. குளிர்ந்த ஏரித் தண்ணியில இருக்குதுல்ல அந்தப் பச்சைங்க, அதுங்களோட பங்காளி இது. இன்னொண்ணு கேளுங்க. மைக்ரோஸ்கோப்பை இந்த ரூமுக்குள்ளயே கொண்டுவந்து பார்த்தேன். இது தூங்கலக்கா! சிவப்பா இருந்துக்கிட்டே நீந்துது. இத்தனை நாளும் மாடிக்குக் கொண்டு போறதுக்குள்ள சூடு பட்டு நின்னுடும், நாமளும் தூங்குதுன்னு நினைச்சுக்கிட்டோம்."

பெண்ணுக்கு வரன் அமைந்தது போல இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பழைய படத்தைக் கிழித்துவிட்டுப் புதுப் படத்தை ஒட்டியதும் குளிரக்காதான். ஆனால் காதில் விழுந்தது கைக்கு இறங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்தச் செய்தியை வெளிநாட்டுக் கூட்டமொன்றில் சொல்லப் பேராசிரியர் விமானம் ஏறினார். அன்றைக்கு முற்பகலில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது.

சத்தம் கேட்டபோது குளிரக்கா குளிர் அறைக்குள் இருந்தாள். விளக்கு ஒருமுறை பளிச்சென்று எரிந்து அணைந்தது. அதைவிட மோசமானது அடுத்து வந்த அமைதி. இருபது வருஷமாகக் காதுக்குள் உறுமிக்கொண்டிருந்தது நின்றுபோனதும், மூச்சு விடுகிற ஆள் திடீரென்று மூச்சை நிறுத்தியது போல இருந்தது. ஜெனரேட்டர் ஓடி விளக்குகள் வந்தன. கம்ப்ரசர் வரவில்லை.

மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றியதும் கருகிய வாடை அடித்தது. "எகிறி வந்த கரண்ட் உள்ள சுத்தின கம்பியெல்லாம் சுட்டுடுச்சுக்கா. வேற போடணும். வண்டி எடுத்துக்கிட்டுப் போய் வாங்கியாந்து மாட்டுறதுக்குள்ள சாயங்காலம் ஆயிரும்" என்றார்.

"சாயங்காலம் வரைக்கும் இதுங்க எங்க போகும்?"

"கதவைத் திறக்காதீங்க. அதான் என்னால சொல்ல முடியும்."

பேராசிரியர் வானத்தில் இருந்தார். கேட்க ஆள் இல்லை. வெளியே வெயில் கொளுத்தியது, சுவர் எத்தனை நேரம் தாங்கும் என்று தெரியாது. பதறாத காரியம் சிதறாது என்று குளிரக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கம்பளிச் சட்டையின் கையை மடித்துவிட்டாள்.

கைவசம் இருந்தது தேநீர் அறையின் ஃபிரிட்ஜ் ஒன்றுதான். மற்ற துறைகளின் ஃபிரிட்ஜ்களில் ஊசி போடக்கூட இடமில்லை. ஊழியர்களின் சாப்பாட்டு டப்பாக்களை எல்லாம் எடுத்து ஜன்னலில் அடுக்கினாள். "மத்தியானம் ஊசிப்போயிடும் அக்கா" என்று முனகியவர்களிடம், "உங்க சாப்பாடு நாளைக்கும் பொங்கிக்கலாம், இதைப் பொங்க முடியாது" என்றாள். முந்நூறு குழாயும் அதில் கொள்ளாது, பாதிதான் போகும். எந்தப் பாதி?

அவள் முடிவெடுத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பச்சைகள் விழித்திருப்பவை, நீந்திக்கொண்டிருப்பவை. சூடும் ஆகாது, உறையவும் கூடாது. ஃபிரிட்ஜின் இதமான குளிர் அவற்றுக்கு. சிவப்புகள் ஓடு கட்டித் தூங்குபவை. மலையில் மாசக்கணக்காக உறைந்து கிடந்தவைக்கு ஐஸ் தாய் வீடு மாதிரி. ஐஸ் பெட்டி அவற்றுக்கு. நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"மீனுக்குப் போடுற ஐஸ் கொஞ்சம் வேணும். பெரிய பெட்டியா, சீக்கிரம்."

"உங்க பாசிக்கா? அண்ணி வாய் விட்டுக் கேட்டு நான் இல்லேன்னு சொல்வேனா? இப்பவே ஆட்டோவுல அனுப்புறேன்."

பெட்டி வந்தது. சொன்னதைவிடப் பெரிய பெட்டி. விளிம்பு வரை நொறுக்கிய ஐஸ். குளிரக்கா குழாய்களைத் தட்டுத் தட்டாக எடுத்தாள். கதவைத் திறப்பது, கைக்கு வந்ததை எடுப்பது, சாத்துவது. பச்சை இந்தப் பக்கம், சிவப்பு அந்தப் பக்கம். வம்சப் படம் மூக்குக்கு நேராக இருந்தது. ஒவ்வொரு முறை கதவைத் தள்ளும்போதும் அவள் தோள் அதில் உரசியது. தனிக்கட்டையின் மூன்று குழாய்களைக் கையில் எடுத்தபோது மட்டும் ஒரு நொடி நின்றாள். இதற்கு நல்ல இடமாகப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஐஸைக் கையால் விலக்கி, பெட்டியின் நட்டநடுவில், மற்றச் சிவப்புகள் சுற்றி நிற்க, மூன்றையும் ஆழமாக இறக்கினாள். விரல் சுள்ளென்று வலித்தது. நல்ல ஐஸ் என்று நினைத்துக்கொண்டாள்.

குளிர் அறையில் மிச்சமிருந்தது மிச்சக் குடுவை மட்டும்தான். அதைப் பற்றிச் சொல்லவில்லை அல்லவா? ஊட்டநீர் மாற்றும்போது உறிஞ்சு குழலில் கடைசியாக ஒரு சொட்டு நிற்கும். அதை மருந்துத் தண்ணீரில் விட்டுக் கொன்றுவிட வேண்டும் என்பது விதி. குளிரக்காவுக்கு மனசு வராது. ஒரு குடுவையில் அந்தக் கடைசிச் சொட்டுகளை எல்லாம் விட்டு வைப்பாள். எல்லா மலைக்காரர்களும் ஒரே குட்டையில். "இது ஆய்வுக்கூடத்துல குப்பைக்கா, ஒண்ணோட ஒண்ணு கலந்த எதுவும் நமக்கு உதவாது" என்று பேராசிரியர் பலமுறை சொல்லிவிட்டார். "இருந்துட்டுப் போகட்டும் மேடம், சோறா கேக்குது?" என்பாள் இவள். அன்றைக்கு ஃபிரிட்ஜில் அந்தக் குடுவைக்கு இடமில்லை. தரையிலேயே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பிற்பகலில் ஐஸ் பெட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தாள். ஓரத்துக் குழாய்களில் தண்ணீர் கட்டியாகிவிட்டது. சிவப்புகளுக்கு அது நல்லதுதான் என்று மூடினாள். ஃபிரிட்ஜில் பச்சைகள் பத்திரம். மெக்கானிக் புதுச் சுருளோடு திரும்பி வந்து, தரையில் மல்லாந்து படுத்துத் திருகிக்கொண்டிருந்தார். குளிரக்கா அன்றைய முதல் தேநீரைக் குடித்தாள். நான் இல்லாவிட்டால் இன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. யாருக்குத்தான் ஓடாது?

போன் அடித்தது. பேராசிரியர் தரையிறங்கி, நிலையத்துக் காவலாளி அனுப்பிய செய்தியைப் பார்த்திருக்கிறார்.

"அக்கா, எல்லாம் என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல மேடம். பச்சையெல்லாம் ஃபிரிட்ஜுல. சிவப்பெல்லாம் ஐஸ்ல. எதுவும் வீணாப் போகல."

"நல்ல வேலை பண்ணீங்க. தனிக்கட்டை எந்தத் தட்டுல இருக்கு? அந்தத் தட்டு மட்டும் உறைஞ்சிடாமப் பாத்துக்கோங்க. ஃபிரிட்ஜுல பின்பக்கம் வச்சா சில சமயம்..."

குளிரக்காவின் கண் கதவில் ஒட்டியிருந்த படத்துக்குப் போனது. தனிக்கட்டையின் கோடு எங்கே இருக்கிறது? ஏரிக்காரர்களோடு. ஏரித் தண்ணீர் மேலேதான் ஆடை மாதிரி உறையும், உள்ளே உறையாது. அந்த வீட்டில் பிறந்த எதுவும் உறைந்து பழகியதில்லை. ஏரிப் பச்சைகளை ஃபிரிட்ஜில்கூடப் பின்சுவரில் படாமல் முன்வரிசையில் வைத்தவள் அவள்தான். அதன் பங்காளியைச் சிவப்போடு சிவப்பாக ஐஸில் இறக்கியதும் அவள்தான்.

"அக்கா? கேக்குதா?"

"ஒரு நிமிஷம் மேடம்" என்று போனை வைத்துவிட்டு ஓடினாள். ஓடும்போதே ஒரு சமாதானம் தோன்றியது. வெறும் ஐஸ், இளகுகிற ஐஸ், குழாயை உறையவைக்கிற அளவுக்கு இறங்காது. ஓரத்தில் ஏதோ கொஞ்சம் கட்டியாகியிருக்கலாம், நடுவில் ஆகியிருக்காது. மூடியைத் திறந்து கையை விட்டாள். மூன்று குழாயும் கல்லாக இருந்தன. விரல் மறுபடி சுள்ளென்றது. இப்போது அவள் அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

மீன்காரர்கள் ஐஸில் உப்பு கலப்பது ஊரறிந்த விஷயம். உப்பு விழுந்தால் ஐஸின் குளிர் இன்னும் கீழே இறங்கும், மீன் கட்டை மாதிரி நிற்கும். கேட்டது மீன் ஐஸ், வந்தது மீன் ஐஸ்.

மூன்றையும் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி மெல்ல மெல்ல இளகவிட்டாள். மைக்ரோஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு குளிர் அறைக்குள் போய்த் தரையிலேயே வைத்தாள். அறைக்குள் நெற்றி உயரத்தில் வெதுவெதுப்பாகிவிட்டது, தரையில் மட்டும் குளிர் தங்கியிருந்தது. முழங்கால் போட்டுக் குனிந்தாள். முதல் குழாயின் சொட்டில் உருண்டையாக இருக்க வேண்டியவை எல்லாம் கிழிந்து, சிவப்பு எண்ணெய் துளித்துளியாக வெளியே மிதந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கண் வலிக்க வலிக்கப் பார்த்தாள். பெட்டியில் அவற்றின் பக்கத்தில் இருந்த வேறொரு சிவப்புக் குழாயையும் இளகவிட்டு ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தாள். அவை தடித்த ஓட்டுக்குள் ஒன்றும் நடக்காதது போலக் குந்தியிருந்தன. கண்ணுக்கு இரண்டும் ஒரே சிவப்பு.

நிமிர்ந்தபோது கதவருகில் நாத்தனார் நின்றிருந்தாள். கடையை அடைத்துவிட்டு இன்னொரு பெட்டி ஐஸோடு நேரே வந்திருக்கிறாள். "என்ன அண்ணி, தாங்குச்சா? உங்களுக்குன்னு ரெண்டு பங்கு உப்பு அள்ளிப் போட்டேன். சும்மா இரும்பு மாதிரி நிக்கும்."

குளிரக்காவின் வாய்வரை வந்தது. யார் உன்னை உப்புப் போடச் சொன்னது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், பாரத்தில் பாதி இறங்கிவிடும். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். நாத்தனாரும் அழுவாள், சத்தியம் செய்வாள், ஏற்றுக்கொள்வாள். அந்த அகல நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. குளிரக்கா போனை எடுத்தாள்.

"மேடம், தனிக்கட்டை போச்சு. மூணு குழாயும் போச்சு. சிவப்பா இருக்கேன்னு தூங்குறதுங்களோட சேத்து ஐஸ்ல வச்சுட்டேன். நீங்க சொல்லியும் என் கை கேக்கல."

"வெறும் ஐஸ்ல எப்படிக்கா உறைஞ்சுது?"

"உப்பு ஐஸ் மேடம். நான் கேட்டு வாங்கினது. பாக்காம வச்சது நான்தான்."

நாத்தனாரின் கை வாய்க்குப் போனது. பெட்டியை மெல்லக் கீழே வைத்தாள். பேராசிரியர் திட்டியிருந்தால் தேவலை. அவர் அழுகிறார் என்று குளிரக்காவுக்குத் தெரிந்தது, நல்ல காதில் வைத்திருந்ததால் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

பேராசிரியர் திடீரென்று வேறு குரலில் கேட்டார். "அக்கா. கடைசியா எப்போ அதுக்கு ஊட்டம் மாத்தினீங்க?"

"போன மாசம்."

"மாத்துறப்போ அந்தக் கடைசிச் சொட்டு?"

குளிரக்கா திரும்பிப் பார்த்தாள். சுவரோரத்தில், யாரும் காப்பாற்றாத இடத்தில், மிச்சக் குடுவை அப்படியே இருந்தது. முழங்காலாலேயே நகர்ந்து போய்த் தொட்டாள். அடிப்பாகம் இன்னும் ஜில்லென்றிருந்தது, கழுத்துப்பக்கம் குளிர் விட்டிருந்தது.

"இருக்கு மேடம். ஆனா எல்லா வகையும் கலந்து கிடக்கு. நூத்துக்கணக்குல சிவப்பு. இதுல அதை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?"

"மத்த சிவப்பெல்லாம் தூங்கும்கா. இது ஒண்ணுதான் சிவப்பா இருந்துக்கிட்டே நீந்தும். அசையுற சிவப்பைத் தேடுங்க. ரூம் சூடாகுறதுக்குள்ள பாருங்க. சூடு பட்டா நீந்துற வாலை உதிர்த்துட்டு நின்னுடும், அப்புறம் நம்மால கண்டுபிடிக்கவே முடியாது."

நாத்தனார் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். புதுப் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளி உறையில் கட்டி, மைக்ரோஸ்கோப்பைச் சுற்றி அண்டக்கொடுத்தாள். போனை வாங்கித் தன் கையில் பிடித்துக்கொண்டாள். பல் தந்தியடித்தபோதும் அசையாமல் நின்றாள். அவள் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

முதல் சொட்டில் சிவப்புகள் கூழாங்கல் கொட்டி வைத்தது போலக் கிடந்தன. பச்சைகள் அவற்றுக்கிடையே ஓடி விளையாடின. இரண்டாவது சொட்டும் அதேதான். அடுத்ததில் ஒரு சிவப்பு நகர்ந்தது. குளிரக்கா இன்னும் குனிந்தாள். ஆனால் அதன் பக்கத்தில் கிடந்ததும் நகர்ந்தது, அதற்குப் பக்கத்தில் இருந்ததும் நகர்ந்தது. எல்லாம் ஒரே பக்கமாக, ஒரே வேகத்தில். சொட்டு வைத்த கண்ணாடிச் சில்லு சூடாகித் தண்ணீர் ஓடுகிறது, அவ்வளவுதான். ஓட்டத்தோடு போகிற எதற்கும் உயிர் வேண்டியதில்லை. துடைத்துவிட்டு வேறு சொட்டு எடுத்தாள். வெளியே மெக்கானிக் சுத்தியலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஏதாவது?" என்றது போன்.

"இல்ல மேடம்."

குடுவையின் அடியிலிருந்து மறுபடி எடுத்தாள். மறுபடி இல்லை. முழங்கால் மரத்துப்போய், அது தன்னுடையதுதானா என்ற சந்தேகம் வந்தது. கண்ணில் நீர் கட்டி, மைக்ரோஸ்கோப்பில் தெரிந்த வட்டம் கலங்கியது. துடைத்துக்கொண்டு குனிந்தாள். இந்தச் சொட்டிலும் தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டது. கூழாங்கற்கள் எல்லாம் இடமிருந்து வலமாக மெல்லப் போயின. சூடு ஏறுகிறது, இனி நேரமில்லை என்று தெரிந்தது. கண்ணை எடுத்துவிடலாமா என்று நினைத்தபோது வட்டத்தின் வலது ஓரத்தில் ஒரு சிவப்பு உள்ளே வந்தது.

வலமிருந்து இடமாக வந்தது. தள்ளாடியது, நின்றது, ஓட்டம் அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளியது. மறுபடி முண்டிக்கொண்டு முன்னால் வந்தது. போகிற சிவப்புகளுக்கு நடுவே வழி கேட்டுப் போவது போல வளைந்து வளைந்து வந்தது.

"மேடம்" என்றாள் குளிரக்கா. "ஒண்ணு எதுத்து வருது."

போனில் என்ன சொன்னார்கள் என்று அவளுக்குக் கேட்கவில்லை. கண்ணை எடுக்காமலே வலது கையை நீட்டினாள், நாத்தனார் முடியளவு மெல்லிய கண்ணாடி உறிஞ்சு குழலை அந்தக் கையில் வைத்தாள். வெளியே ஏதோ சொடுக்கியது. கம்ப்ரசர் ஒருமுறை இருமி, நின்று, பிறகு உறுமத் தொடங்கியது. குளிரக்கா மூச்சை அடக்கிக்கொண்டு, ஒற்றை ஆளாக எதிர்த்து வந்துகொண்டிருந்த அதன் முன்னால் குழலின் வாயைக் கொண்டுபோய் வைத்தாள்.